காட்ஸ்வோல்ட் வே: வயல் நடுவே 102 மைல் பொதுவழி

இங்கிலாந்தின் தென்மேற்கில் சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூரில் தொடங்கி, பாத் நகரத்து அபே தேவாலய வாசலில் முடியும் காட்ஸ்வோல்ட் வே என்னும் நெடுநடைப் பாதையின் நீளம் 102 மைல், அதாவது 164 கிலோமீட்டர். குளோஸ்டர்ஷயர் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) கவுன்சில் 1970இல் வகுத்த இந்த வழி, 2007இல் ‘நேஷனல் டிரெயில்’ எனப்படும் தேசியப் பாதைகளுள் ஒன்றாகத் திறக்கப்பட்டது. மே மாதக் கடைசியில் புறப்பட்டு இதனை முழுவதும் நடந்து முடித்தேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போய்வரும் பெற்றோர் இப்போது ஏராளம். அவர்களில் காலில் தெம்புள்ளவர்கள், லண்டனைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதற்கு முன் இந்தப் பாதைக்குச் சில நாட்களை ஒதுக்கலாமா, ஆகும் செலவுக்கு அது தகுமா என்பதைச் சொல்லவே இம்மதிப்புரையை எழுதுகிறேன். தகும் என்பதே என் முடிவு. எந்த வகையில் தகும், எங்கே தகாது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தொழிலை முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் நில அளவைத் துறையில் சேர்ந்து, பிரிந்த பிறகு வேலூர் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற சர்வேயர் நான். ஒரு பாதையைக் கண்டால், அதன் இருபுறமும் உள்ள அழகைப் பார்ப்பதற்கு முன், நிலம் யாருடையது, எந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்தப் பாதையை நான் மிக உயர்வாக மதிப்பதற்குக் காரணமும் அந்தப் பழக்கம்தான். தேன் நிறக் கல்லால் கட்டிய வீடுகளையும் புல்வெளிகளையும் சுற்றுலாப் பேருந்தின் சன்னல் வழியாகவே பார்த்துவிடலாம். இந்த 102 மைலில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமான பண்ணை நிலங்களின் நடுவே போகிறது என்பதும், அப்படியிருந்தும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, நுழைவுச் சீட்டு இல்லை, வழிகாட்டியைக் கூட்டிச்செல்லும் கட்டாயம் இல்லை என்பதும் நடந்து போகிறவர்களுக்குத்தான் உறைக்கும்.

தென்பகுதியில் ஒரு கோதுமை வயலைச் சொல்கிறேன். பயிர் முழங்காலுக்கு மேல் பச்சையாக நின்றது. வேலியோரக் கதவைத் திறந்து உள்ளே சென்றால், எதிர்ப்பக்கத்துக் கதவை நோக்கி, பயிரின் நட்டநடுவே ஒரு மீட்டர் அகலத்துக்குக் கயிறு பிடித்தாற்போல் ஒரு நேர்கோடு விடப்பட்டிருந்தது. அந்தக் கோட்டில் ஒரு தாள்கூட முளைத்திருக்கவில்லை. மண் காலடி பட்டு இறுகிக் கிடந்தது. விவசாயி மனம்வைத்துச் செய்த உபகாரம் என்று முதலில் தோன்றும். உண்மையில் அது சட்டக் கடமை. வயலின் குறுக்கே போகும் பொதுவழியை உழவு செய்தால், 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதனைச் சமன்படுத்தித் தர வேண்டும், பயிர் அதை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டம் நில உடைமையாளர் மீது பொறுப்பு வைக்கிறது. நம் பக்கத்தில் வரப்பு ஆண்டுக்கு ஒரு சாண் குறைவதையும், ஊர் வரைபடத்தில் இரட்டைக் கோடாக இருக்கும் வண்டிப்பாதைப் புறம்போக்கு களத்தில் மாட்டுக்கொட்டகையாக நிற்பதையும், பாதைத் தகராறு என்ற ஒரே காரணத்துக்காக அண்ணன் தம்பி இருவரும் தாலுகா அலுவலகத்துக்கு அலைவதையும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அந்த ஒரு மீட்டர் கோடு சாதாரணக் காட்சி இல்லை. நான் அதன் நடுவில் நின்று முன்னும் பின்னும் நெடுநேரம் பார்த்தேன்.

இந்த உரிமை அவர்களுக்கும் தானாக வந்துவிடவில்லை. பெருநிலக்கிழார்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கின்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில், 1932 ஏப்ரல் 24 அன்று ஆலைத் தொழிலாளர்கள் உள்ளிட்ட நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நடந்தார்கள். அதற்காக ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். நீண்டதொரு பொது நடைவழி வேண்டும் என்ற கோரிக்கையை டாம் ஸ்டீபன்சன் என்னும் பத்திரிகையாளர் 1935இல் எழுப்பினார். போர் முடிந்து 1949இல் வந்த தேசியப் பூங்காக்கள் சட்டம், ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லைக்குள் இருக்கும் பொதுவழிகளை அளந்து வரைபடமாகப் பதிய வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு பதிந்துவிட்ட வழி உண்டு என்பதற்கு அந்த வரைபடமே நீதிமன்றத்தில் முடிவான சான்று. ஸ்டீபன்சன் கனவு கண்ட பென்னைன் வே 1965 ஏப்ரல் 24 அன்று திறக்கப்பட்டது. அதுவே அந்நாட்டின் முதல் தேசிய நெடும்பாதை. காட்ஸ்வோல்ட் வேயில் நடக்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, இத்தனை பேர் பட்ட பாட்டின் மேல்தான் நடக்கிறார். நிலங்களைப் புல எண்வாரியாகக் காட்டும் நம் ‘அ’ பதிவேட்டிலும் வண்டிப்பாதைக்கு இடம் உண்டு, எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடத்தின் நகலை இன்று இணையத்திலேயே எடுத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் பதிவேட்டிலுள்ள வழியைக் களத்தில் திறந்து வைக்கும் பொறுப்பை நாள்தோறும் ஒருவர் தலையில் ஏற்றி, அதை நிறைவேற்றவும் வைப்பதில்தான் அவர்கள் நம்மைவிட நெடுந்தொலைவு முன்னே இருக்கிறார்கள்.

வழிக்குறிகளுக்கு முழு மதிப்பெண் தரலாம். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீல அம்பு என்றால் குதிரைக்கும் மிதிவண்டிக்கும் சேர்த்து, அதனுடன் வெள்ளை ஓக்கு விதைச் சின்னம் இருந்தால் தேசியப் பாதை. உள்ளங்கை அளவு வட்டத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. வழி பிரியும் இடங்களில் எல்லாம் மரக்கம்பத்திலோ கதவுச் சட்டத்திலோ அந்த வட்டத்தை அறைந்திருக்கிறார்கள். 1968 முதல் இயங்கிவரும் காட்ஸ்வோல்ட் தன்னார்வக் காவலர்கள் பாதையின் ஒவ்வொரு பகுதியையும் நடந்து பார்த்து, சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி, முள்ளை வெட்டிவிடுகிறார்கள். பெயின்ஸ்விக்குக்கு முன்னால் உள்ள பீச் மரக் காட்டில் என் வயதொத்த இருவர் அரத்தாலும் எண்ணெயாலும் ஒரு கதவின் கீலைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். வணக்கம் சொல்லிவிட்டு நானும் சற்று நேரம் நின்று பார்த்தேன்.

அந்தக் கதவு தனியே சொல்லத் தக்கது. ‘கிஸ்ஸிங் கேட்’ என்பார்கள். அரைவட்டமாக வளைத்த ஒரு சிறு அடைப்பின் வாய்க்குள் ஒரு கதவு ஆடிக்கொண்டிருக்கும். அதைத் தள்ளி அடைப்புக்குள் ஒதுங்கி நின்று, கதவை மறுபக்கம் விட்டு, பிறகு வெளியே காலெடுத்து வைக்க வேண்டும். ஆள் போகலாம், ஆடும் மாடும் போக முடியாது. பூட்டும் கிடையாது, திறந்துபோட்டுவிட்டுப் போகும் அபாயமும் கிடையாது. முதுகில் பெரிய பை இருந்தால் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் திரும்ப முடியும் என்பது ஒன்றே குறை. முன்பு வேலியை ஏறித் தாண்டும் மரப்படிகள் நிறைய இருந்த இடங்களில், முதியவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் போகும்படி இத்தகைய கதவுகளைப் படிப்படியாக வைத்து வந்திருக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே வழி விடுவதானால் கால்நடை வைத்திருப்பவனுக்கு நட்டம் வரக் கூடாது என்பதை உணர்ந்து செய்த வேலை இது.

நடைக் கடினத்தைப் பற்றிப் பலரும் தவறாக எண்ணக்கூடும். பாதையின் மிக உயர்ந்த பகுதியான கிளீவ் குன்று கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர்தான். ஏலகிரிக்குப் பேருந்தில் போய்வருகிறவர்கள்கூட அதைக் கேட்டால் இவ்வளவுதானா என்பார்கள். ஆனால் காட்ஸ்வோல்ட் என்பது கிழக்கே மெல்லச் சரிந்து மேற்கே செங்குத்தாக இறங்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். பாதை அந்த மேற்கு விளிம்பைப் பற்றிக்கொண்டே போகிறது. ஊர்கள் அடிவாரத்தில் இருக்கின்றன, காட்சி உச்சியில் இருக்கிறது. ஆகவே காலையில் ஏறி, மதியம் இறங்கி, மறுபடியும் ஏறி, மாலையில் தங்குமிடத்துக்கு இறங்குவதே அன்றாட நடை. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதுவும் சமதரை. அதை அலுப்பில்லாமல் முடிப்பவர்கள் இங்கே நாளொன்றுக்கு அதே தூரத்தை வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நான் புறப்படுவதற்கு முன் விடியற்காலையில் வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி நடந்ததைவிட, சோளிங்கர் பெரிய மலையின் 1305 படிகளை அவ்வப்போது ஏறி இறங்கியதே பலன் தந்தது. குறிப்பாக இறக்கத்துக்குத் தொடைகள் பழகியிருக்க வேண்டும். முழுப் பாதையையும் பெரும்பாலோர் ஏழு முதல் பத்து நாட்களில் முடிக்கிறார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பத்துக்குக் குறைத்துத் திட்டமிட வேண்டாம்.

இனி வழியிலுள்ள இடங்கள். சிப்பிங் கேம்ப்டன் கம்பளி வணிகத்தால் செழித்த ஊர். 1627இல் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் கட்டித் தந்த திறந்த கல் மண்டபச் சந்தை இன்னும் கடைவீதியில் நிற்கிறது, அதன் தரைக்கல் தேய்ந்து மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அங்கிருந்து டோவர்ஸ் குன்று, 1798ஆம் ஆண்டின் பிராட்வே கோபுரம், ஸ்டான்டன் என்று போகும் முதல் பகுதி படங்களில் வரும் இங்கிலாந்து. அழகில் குறை சொல்ல முடியாது, ஆனால் கூட்டமும் விலையும் அதற்கேற்ப இருக்கும். நான் அதை விரைந்து கடந்தேன்.

விஞ்ச்கோம்பை நெருங்கும்போதுதான் பாதைக்கு உயிர் வருகிறது. ஹெயில்ஸ் மடம் 1246இல் தொடங்கப்பட்டு, இயேசுவின் குருதித் துளி இருப்பதாக நம்பி மக்கள் யாத்திரை வந்த இடம். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539இல் மூடப்பட்டது. இப்போது புல்தரையில் வளைவுகள் மட்டும் நிற்கின்றன. அதனருகே ஒரு சின்னஞ்சிறு தேவாலயம். உள்ளே இடைக்காலச் சுவரோவியங்கள் மங்கித் தெரிகின்றன, கதவு திறந்தே இருந்தது, நான் மட்டுமே இருந்தேன். விஞ்ச்கோம்பைத் தாண்டி ஏறினால் பீலாஸ் நாப். ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய, நீண்ட மண்மேடாக அமைந்த ஈமக்கல்லறை. வடக்கு முனையில் வாசல் போலக் கற்களை அடுக்கியிருக்கிறார்கள், ஆனால் அது பொய்வாசல். உண்மையான அறைகள் பக்கவாட்டில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு அகழாய்வில் முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. ஜவ்வாது மலையின் கல்திட்டைகளையும் செங்கம் வட்டாரத்து நடுகற்களையும் தேடி முள்ளுக்குள் புகுந்தவர்களுக்கு, இந்த இடத்துக்கு வெட்டிவிட்ட பாதையும் சுற்றிலும் சீராக அறுத்த புல்லும் ஒரு விளக்கப் பலகையும் இருப்பதைக் கண்டால் மனம் வலிக்கத்தான் செய்யும். பொய்வாசலின் இருபுறமும் சாந்தே இல்லாமல் மெல்லிய பலகைக் கற்களை அடுக்கிய சுவரை உற்றுப் பாருங்கள். அதே வேலைப்பாட்டைத்தான் வழிநெடுக வயல் வேலிச் சுவர்களிலும் காண்கிறோம். இரண்டு முகமாக எழுப்பி, நடுவில் பொடிக்கல் இட்டு, ஆங்காங்கே இருமுகத்தையும் பிணைக்கும் நீளக்கல் போட்டு, தலைக்கு மேல் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி முடிக்கிறார்கள்.

கிளீவ் குன்றில் பரந்த பொதுமேய்ச்சல் நிலம் இருக்கிறது. வானம் தெளிந்தால் செவர்ன் ஆற்றுச் சமவெளிக்கு அப்பால் மால்வர்ன் குன்றுகளும் வேல்ஸ் நாட்டு மலைகளும் தெரியும். உச்சிப்பகுதியில் நிற்கும் நில அளவைத் தூணைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் நகர முடியவில்லை. அந்நாட்டு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே 1791இல் தொடங்கியது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1802இல், வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அளவையாளர் நம் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்திய முக்கோண அளவையைத் தொடங்கினார். அவர்களுடைய 1:25,000 அளவு வரைபடத்தில் ஒவ்வொரு வயலின் வேலியும் இருக்கிறது, பொதுவழிகள் எல்லாம் பச்சைக் கோட்டில் இருக்கின்றன, புத்தகக் கடையில் எவரும் வாங்கலாம். கைபேசிச் செயலியிலும் அதே படம் கிடைக்கும். ஆனால் பள்ளத்தாக்குகளில் சிக்னல் நிற்பதில்லை என்பதால் காகிதத் தாளைத்தான் நான் நம்பினேன்.

கூப்பர்ஸ் குன்றில் பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டு அதன் பின்னால் ஓடும் போட்டி நடக்கும் சரிவைக் கீழிருந்து பார்த்தாலே போதும். பெயின்ஸ்விக் தேவாலய முற்றத்தில் 99 யூ மரங்கள் என்பது பேர்போன கணக்கு. செதுக்கி வைத்த அந்த மரங்களுக்கிடையே மதிய வேளையில் உட்கார நல்ல நிழல். அதற்கடுத்த ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்கை அழகில்லாத பகுதி என்று பலர் அவசரமாகக் கடக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஓடையோரம் வரிசையாகப் பழைய துணி ஆலைகள். கிங்ஸ் ஸ்டான்லியின் ஆலை 1813இல் தீப்பிடிக்காதபடி இரும்புத் தூண்களால் கட்டப்பட்டது. இந்தப் பள்ளத்தாக்கின் செஞ்சாயக் கம்பளித் துணி பிரிட்டிஷ் ராணுவச் சீருடைக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியும் குளோஸ்டர்ஷயர் துணியைப் பெருமளவில் வாங்கியது. வேலூர்க்காரனுக்குச் செஞ்சட்டை என்றால் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சி நினைவுக்கு வராமல் போகாது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஊர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு தொழில் ஓர் ஓடையின் நீரை நம்பி வளர்ந்த விதமும், அது போன பிறகு கட்டடங்கள் என்னவாயின என்பதும் நின்று பார்க்கத் தக்கவை.

தென்பாதியில் என் மதிப்பு இறங்குகிறது. டர்ஸ்லிக்கு மேலே ஸ்டின்ச்கோம்ப் குன்றில் பாதை குன்றின் விளிம்பை முழுதும் சுற்றி, தொடங்கிய இடத்துக்குச் சில நூறு மீட்டர் தள்ளிக் கொண்டுவந்து விடுகிறது. காட்சி உண்டு என்றாலும், களைத்த நாளில் குறுக்கே போய்விடுவதில் தவறே இல்லை. வழியில் கோல்ஃப் மைதானங்கள் பல குறுக்கிடுகின்றன. பந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நடப்பது எனக்கு உவப்பாக இல்லை. நார்த் நிப்லியில் பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டின்டேலுக்கு 1866இல் எழுப்பிய 111 அடிக் கோபுரம் ஏறத் தக்கது. டோர்மார்ட்டன் அருகே எம்4 நெடுஞ்சாலையைக் கடக்கும்போதும் அதற்குப் பிறகும் வாகன இரைச்சல் நெடுந்தூரம் கூடவே வருகிறது. பிறகு டிர்ஹாம் பூங்காவின் மதிலோரம், உள்நாட்டுப் போரில் 1643இல் சண்டை நடந்த லான்ஸ்டவுன் மேடு, அங்கிருந்து பாத் நகரம். நகருக்குள் பாதை நேரே இறங்காமல் வீதிவீதியாக வளைத்துக் கூட்டிச் செல்வது கட்டடக் கலையைக் காட்டுவதற்காக என்கிறார்கள். கடைசி மணி நேரத்தில் கால்களுக்கு அது பெரிய உபசாரமாகப் படவில்லை.

செலவு விஷயத்தில் மூடிமறைக்க ஒன்றுமில்லை. பாதை இலவசம், ஆனால் அதன் மேல் தூங்க முடியாது. இங்கிலாந்தில் நில உடைமையாளரின் அனுமதி இல்லாமல் வயலில் கூடாரம் அடிக்கச் சட்டம் இடம் தருவதில்லை, முறையான கூடாரத் திடல்கள் பாதையை ஒட்டி அதிகம் இல்லை. வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்களில் இருவர் அறைக்கு ஓர் இரவு நூறு பவுண்டை ஒட்டியும் மேலாகவும் கேட்கிறார்கள், தனியாளுக்கும் ஏறத்தாழ அதே வாடகை. கோடைக்கு மாதக்கணக்கில் முன்பதிவு தேவை. பெட்டியை ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்ததற்கு வேனில் கொண்டுசேர்க்கும் சேவை உண்டு; முதுகுவலி உள்ளவர்கள் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நான் அமர்த்திய நிறுவனம் ஒருநாள் பெட்டியை அடுத்த ஊரிலிருந்த வேறு விடுதியில் இறக்கிவிட்டது. தொலைபேசியில் சொன்ன பிறகு இரவு உணவு நேரத்தில் வந்து சேர்ந்தது, மன்னிப்பும் கேட்டார்கள். எனவே மாத்திரைகளையும் மாற்றுச் சட்டையையும் தோள்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பற்றி நம்மவர்கள் முதலில் கேட்பார்கள். ஊர் பப்புகளின் சமையலறை மதியம் இரண்டு மணிவாக்கில் மூடி, மாலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறது. அந்த இடைவெளியில் போய் நின்றால் மது கிடைக்கும், சோறு கிடைக்காது. சைவர்களுக்குச் சூப், சுட்ட உருளைக்கிழங்கு, சீஸ் வைத்த ரொட்டி ஆகியவை எங்கும் உண்டு. புளியோதரைப் பொடியும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போனேன், தங்குமிடக்காரர்கள் வெந்நீரும் தட்டும் கொடுத்தார்கள். ஆற்காடு மக்கன் பேடாவை உறவினருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: பால், இறைச்சி சேர்ந்த பண்டங்களை இந்தியாவிலிருந்து அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லச் சுங்கத்தில் அனுமதி இல்லை. குடிநீர் பாதையில் அரிதாகவே கிடைக்கிறது. காலையில் இரண்டு லிட்டராவது நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

வேலூரில் செவிலியர் படிப்பு முடித்து இப்போது பிரிஸ்டலில் வேலை பார்க்கும் என் அக்கா மகள், விடுமுறை நாளில் என்னோடு சேர்ந்து நடந்தாள். வாசலில் மழையைப் பார்த்துத் தயங்கிய என்னிடம், “மாமா, மழை நிக்கட்டும்னு உக்காந்தா இந்த ஊர்ல வாசப்படியே தாண்ட முடியாது; கோட்டைப் போட்டுக்கினு கெளம்புங்க” என்றாள். அவள் சொன்னதே சரி. அன்று மழை நான்கு முறை வந்து நான்கு முறை போயிற்று. நீளப் புல்லில் நடந்த பிறகு மாலையில் கணுக்காலையும் முழங்கால் மடிப்பையும் பார்க்கச் சொல்வதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். நம் பக்கத்து உண்ணிக் காய்ச்சலை வேலூர் மருத்துவமனைகளில் பார்த்தவள் அவள். அங்குள்ள உண்ணி கடித்தால் லைம் என்னும் வேறொரு நோய் வரக்கூடும். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு இடையே புகுந்து போகாமல் சுற்றிப் போவதும் முக்கியம். நம் ஊர் மாடுகளை விட்டு ஒதுங்குவதற்குப் பழகியவர்கள் அங்குள்ள பெரிய மாடுகளிடம் இன்னும் தள்ளியே போகட்டும்.

காலணியாக ஆம்பூரில் வாங்கிய கணுக்கால் உயரத் தோல் பூட்சையே அணிந்தேன். களிமண்ணும் சுண்ணாம்புச் சேறும் சேர்ந்து ஒட்டும் இடங்களில் ஒவ்வோர் அடியிலும் எடை கூடியது. ஆனாலும் தையல் விடவில்லை, பாதத்தில் கொப்புளம் வரவில்லை. நனைந்த தோல் ஒரே இரவில் காயாது என்பதால், செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வைப்பதைத் தங்குமிடத்து அம்மையார் ஒருவர் காட்டிக்கொடுத்தார். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் இறக்கத்தில் முழங்கால் தப்பும்.

தமிழ்நாடு வனத்துறை 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 வழித்தடங்கள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தி, முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போக வேண்டும். யானையும் காட்டுத் தீயும் உள்ள காடுகளில் அந்த ஏற்பாடு தேவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜவ்வாது மலை ஊர்களுக்கிடையே மலைமக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஒற்றையடித் தடங்களும், சமவெளியில் ஊரை ஊரோடு இணைக்கும் வண்டிப்பாதைகளும் வேறு வகை. அவை காட்டு வழிகள் அல்ல, ஊராரின் பொதுவழிகள். வரைபடத்தில் உள்ளவற்றை அளந்து கல் நட்டு, ஊருக்கு இருவரைப் பொறுப்பாக்கினால், திருப்பத்தூரிலிருந்து செங்கம் வரை நடந்தே போகும் வழி ஒன்றை உருவாக்கிவிட முடியும். நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அதற்குப் புதிய நிலம் ஒரு சென்ட் கூட எடுக்க வேண்டியிராது என்று நம்புகிறேன்.

முழுப் பாதைக்கும் நேரமோ பணமோ இல்லாதவர்கள் விஞ்ச்கோம்பிலிருந்து பெயின்ஸ்விக் வரை மட்டும் நடக்கலாம். ஏறத்தாழ 30 மைல், மூன்று நாட்களுக்குச் சரியாக இருக்கும். பீலாஸ் நாப், கிளீவ் குன்று, லெக்ஹாம்ப்டன் குன்று, பீச் காடுகள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். லண்டனிலிருந்து செல்ட்டன்ஹாமுக்கு ரயிலும் அங்கிருந்து விஞ்ச்கோம்புக்குப் பேருந்தும் உண்டு. முடிவில் பெயின்ஸ்விக்கிலிருந்து ஸ்ட்ரௌடுக்குப் பேருந்து பிடித்தால் லண்டன் ரயிலை அங்கேயே ஏறிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமப் பேருந்துகள் குறைவு என்பதால், புறப்பாட்டைத் திங்கள் அல்லது செவ்வாயில் வைத்துக்கொள்ளுங்கள். மே பிற்பகுதியும் ஜூனும் சிறந்த காலம். இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், நம் ஊர்க் கத்திரி வெயிலிலிருந்து போகிறவர்களுக்கு அங்குள்ள குளிர் ஒரு கம்பளிச் சட்டைக்கு மேல் கேட்காது.